லாகின் ஆகிறது, ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை?

வீட்டில் கோப்புகளைச் சேமித்து நெட்வொர்க்கில் பகிரும் நாஸ் பெட்டியில், கோப்புகளை அனுப்பவும் எடுக்கவும் உதவும் எஃப்.டி.பி. வசதியை இயக்கியாயிற்று. ரவுட்டரில் 21-ஆம் போர்ட்டையும் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்துவிட்டாயிற்று. வெளியிலிருந்து இணைத்தால் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஃபோல்டர் பட்டியல் மட்டும் வருவதில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இணைப்பு அறுந்துவிடுகிறது. பலரும் இந்த இடத்தில் பாஸ்வேர்டையும் பயனர் உரிமைகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கோளாறு அங்கே இல்லை.

எஃப்.டி.பி.க்கு இரண்டு இணைப்புகள் தேவை. 21-ஆம் போர்ட்டில் கட்டளையும் பதிலும் மட்டுமே போய்வரும். கோப்போ, ஃபோல்டர் பட்டியலோ வர வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தனியாக இன்னொரு இணைப்பு திறக்கப்படும். இந்த நெறிமுறையின் முதல் வரைவை எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண் 1971-ல் எழுதினார். இன்றும் அடிப்படையாக இருப்பது 1985-ல் வந்த ஆர்.எஃப்.சி. 959 என்ற இணைய நெறிமுறை ஆவணம். வீட்டுக்கு வீடு ரவுட்டர் வைத்து, அதன் பின்னால் கணினிகளை மறைத்துவைக்கும் வழக்கம் அப்போது கிடையாது. அதனால் இரண்டாவது இணைப்பு யாருக்கும் தொந்தரவாக இருக்கவில்லை.

பழைய ஆக்டிவ் முறையில் அந்த இணைப்பைத் தொடங்குவது சர்வர், அதாவது இங்கே நாஸ். வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பயனரின் ரவுட்டர் இன்று தடுத்துவிடும். அதனால் பாஸிவ் முறையே இப்போது வழக்கம்: "எங்கே வரட்டும்?" என்று கிளையண்ட் (பயனரின் மென்பொருள்) கேட்க, சர்வர் இடம் சொல்கிறது. இணைப்பில் நடப்பதைப் பதியும் லாக் கோப்பில் அந்தப் பதில் இப்படி இருக்கும்:

227 (192,168,1,10,217,3)

முதல் 4 எண்கள் ஐ.பி. முகவரி. கடைசி 2 எண்களில் போர்ட் இருக்கிறது: 217-ஐ 256-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டினால் 55555. கோளாறு இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி; வெளியே இருப்பவருக்கு அது பயன்படாது. முகவரி சரியாக இருந்தாலும் 55555 ரவுட்டரில் மூடியிருந்தால் பட்டியல் வராது.

ஆகவே நாஸ் அமைப்பில் பாஸிவ் போர்ட்டுகளுக்கு ஒரு சிறு வரம்பைக் குறியுங்கள், 55550 முதல் 55570 வரை என்பதுபோல. அதே வரம்பை ரவுட்டரிலும் நாஸுக்குத் திருப்பிவிடுங்கள். பாஸிவ் முறையில் வெளி ஐ.பி.யைத் தெரிவிக்கும் தேர்வு இருந்தால் அதையும் இயக்குங்கள். அப்புறம் மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டு வைஃபையில் நன்றாக வேலை செய்வது எதையும் நிரூபிக்காது.

சில ரவுட்டர்கள் அந்த 227 வரியைப் படித்து, முகவரியைத் தாமே திருத்திவிடும். அதனால் எதையும் அமைக்காமலேயே சிலருக்கு வேலை செய்கிறது. டி.எல்.எஸ். குறியாக்கம் (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) சேர்த்த எஃப்.டி.பி.யான எஃப்.டி.பி.எஸ்.ஸுக்கு மாறியதும் ரவுட்டரால் அந்த வரியைப் படிக்க முடியாமல் போகிறது. நேற்றுவரை ஓடியது நின்றுவிடுகிறது. அதற்காகக் குறியாக்கத்தை நீக்கிவிடாதீர்கள். வெறும் எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு அப்பட்டமாகப் போகும், வழியில் ஒட்டுக்கேட்கும் எவரும் படிக்கலாம்.

புதிதாக அமைப்பவருக்கு நான் சொல்வது எஸ்.எஃப்.டி.பி. பெயர் ஒத்திருந்தாலும் இது வேறு நெறிமுறை, எஸ்.எஸ்.ஹெச். என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு முறையின் மேல் ஓடுவது. வழக்கமாக 22-ஆம் போர்ட்டில் ஒரே இணைப்புக்குள் கட்டளையும் கோப்பும் குறியாக்கத்தோடு போகின்றன. 227 வரிக்கே இங்கே வேலை இல்லை.

எதைத் தேர்ந்தாலும் நிர்வாகி அக்கவுண்டைக் கொடுக்காதீர்கள். தேவையான ஃபோல்டரை மட்டும் பார்க்கக்கூடிய தனி யூசர் ஒருவரை உருவாக்குங்கள். கோப்பை எடுக்க மட்டும் வருபவருக்கு எழுதும் உரிமை வேண்டாம். எஃப்.டி.பி.யில் 530 என்று வந்தால் லாகின் ஏற்கப்படவில்லை. 550 வந்தால் லாகின் சரி. கேட்ட கோப்பு அங்கே இல்லை, அல்லது அந்த ஃபோல்டரில் இவருக்கு உரிமை இல்லை.