அட்லாட்டில் பிராக்டிஸ் முனை: முதல்ல ஒடையறது முனை இல்ல

அட்லாட்டில் சொல்லிக்கொடுக்கறதும் கிளாஸுக்கு வேண்டிய டார்ட் (அதால வீசற நீளமான ஈட்டி) செய்யறது, ஒடைஞ்சா ரிப்பேர் பாக்கறதும்தான் என் வேலை. இங்க அமெரிக்காவுல புதுசா இதுல இறங்கறவங்க கிட்டேர்ந்து வர்ற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "ஒடையாத முனை எதுல செய்யலாம்?" ஸ்டீல்ல செய்ங்க, ஒடையாது, அவ்ளோதான் பதில். ஆனா முனை ஒடையாம இருக்கறதாலயே பின்னாடி இருக்கற தண்டு பொளக்கும், ஆபத்து அங்கதான் இருக்கு, அதைப் பத்தி யாரும் கேக்கறதில்ல.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அட்லாட்டில்ங்கறது ஒரு முழம் சொச்சம் நீளமுள்ள கட்டை, நுனியில ஒரு கொக்கி இருக்கும், அந்தக் கொக்கியில 5-லேர்ந்து 7 அடி நீள டார்ட்டோட வால் பக்கம் உக்காரும், வீசினா நம்ம கையே நீண்டுட்ட மாதிரி வேகம் கூடும். வில் அம்பு வர்றதுக்கு முன்னாடி இருந்த ஆயுதம். உலக அட்லாட்டில் சங்கம் 1987-ல ஆரம்பிச்சது, மிசௌரியில 2010-லேர்ந்து இதால மான் வேட்டைக்கே அனுமதி உண்டு. அதனால குழந்தைங்க விளையாட்டுச் சாமான்னு நெனச்சுடாதீங்க.

சரி, தண்டு ஏன் பொளக்குதுன்னு பாப்போம். மூங்கில் தண்டுலயோ, ரிவர் கேன்ங்கற அமெரிக்க மூங்கில் வகைத் தண்டுலயோ நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, ஒரு கம்பியை கூரா தீட்டி, உள்ள ஓட்டையில பசை ஊத்தி சொருகிடறாங்க. முதல் நாள் அருமையா போகும். டார்ட் குறி தப்பி ஒரு கல்லுல மோதுச்சுன்னா கம்பி நிக்காது, பின்னாடி வரும், வந்து ஆப்பு அடிச்ச மாதிரி தண்டை நெடுக்க பொளந்துடும். சில சமயம் பொளந்தது கண்ணுக்கே தெரியாது, மயிரிழை மாதிரி ஒரு கோடுதான் இருக்கும், அடுத்த வீச்சுல டார்ட் வளையும்போது அந்த இடத்துல சிலாம்பு கெளம்பி கை பக்கமே வரலாம்.

இதுக்கு வழி சிம்பிள். கம்பி பின்னாடி வராம ஏதாவது ஒண்ணு தாங்கணும். மூங்கில்ல அதுக்கு இயற்கையே ஒரு தடுப்பு வச்சிருக்கு, கணு. தண்டோட முன் நுனியை, கணுவுக்கு முன்னாடி ரெண்டு மூணு இஞ்ச் விட்டு வெட்டுங்க, கம்பியோட பின்முனை அந்தக் கணுவுல போய் முட்டி நிக்கணும், நடுவுல காலி இடம் இருந்தா கெட்டியான மரத்துண்டை செதுக்கி அடைச்சுடுங்க. கணுவைத் துளைச்சு கம்பியை இன்னும் உள்ள அனுப்பினா நல்லா பிடிக்கும்னு சிலர் செய்வாங்க, அது இருக்கற ஒரே தடுப்பையும் எடுத்துடற வேலை. அப்புறம் முனைக்குப் பின்னாடி ஒரு ரெண்டு இஞ்சுக்கு நைலான் நூலை நெருக்கமா, இறுக்கி சுத்தி, அதுமேல எப்பாக்ஸி தடவிடுங்க. இந்தச் சுத்து இல்லாத கேன் டார்ட்டை நான் கிளாஸ்ல யார் கையிலயும் குடுக்கறதில்ல.

இன்னொரு நல்ல வழி, எனக்கு ரொம்ப பிடிச்சது, ஃபோர்ஷாஃப்ட். அதாவது முன்பக்கம் மட்டும் கெட்டியான மரத்துல ஒரு தனித்துண்டு, அதுலதான் முனை இருக்கும், அது பெரிய தண்டுக்குள்ள சொருகி நிக்கும். அடி வாங்கினா அந்தத் துண்டு போகும், தண்டு தப்பிக்கும். இது ஏதோ இன்னிக்கு கண்டுபிடிச்ச ஐடியா இல்ல, அரிசோனாவுல ஒயிட் டாக் குகை மாதிரி இடங்கள்ல வாழ்ந்த பாஸ்கெட்மேக்கர்ங்கற பழங்காலப் பூர்வகுடி மக்களோட டார்ட்கள்லயே ஃபோர்ஷாஃப்ட் இருந்துச்சு.

முனையோட ஷேப்பை பொறுத்தவரை, ஊசி மாதிரி தீட்டாதீங்க. ஊசி முனை கல்லுல பட்டா மடங்கி கொக்கியாகும், அப்புறம் டார்கெட்லேர்ந்து இழுக்கும்போது ஃபோமை பிச்சுக்கிட்டு வரும். மொண்ணையா விட்டாலும் துள்ளி திரும்பி வரும். தோட்டா மாதிரி உருண்ட கூர் போதும். முனையோட அகலம் தண்டை விட பெருசா இருக்கவே கூடாது, இருந்தா உள்ள போறது போகும், வெளிய வராது.

வெயிட்டும் முக்கியம், கிச்சன் தராசு போதும். டார்ட் பறக்கும்போது வளைஞ்சு வளைஞ்சுதான் போகும், முன்னாடி வெயிட் கூடினா அதிகமா வளையும், கொறைஞ்சா வெறப்பா போகும், ஆக பிராக்டிஸ் முனையும் போட்டிக்கு வச்சிருக்கற முனையும் ஒரே வெயிட்ல இல்லன்னா நீங்க பழகினது வேற டார்ட். உலக அட்லாட்டில் சங்கத்தோட ஸ்டாண்டர்ட் போட்டியில 15 மீட்டர்ல 5, 20 மீட்டர்ல 5ன்னு மொத்தம் பத்தே வீச்சுதான், அங்க போய் இதைக் கண்டுபிடிக்கறது பாவம். வில்வித்தை கடையில கெடைக்கற 125 கிரெய்ன் முனைன்னா சுமார் 8 கிராம், கூட வேணும்னா கம்பியை நீளமா விடுங்க, ஈயத்தை உருக்கி ஊத்தற வேலை வேண்டாம், வீட்டு அடுப்புல சுத்தமா வேண்டாம்.

செய்யற இடத்து ஆபத்து தனி. ஆணியை சூடு பண்ணி தட்டி முனை செய்யறவங்க கால்வனைஸ் பண்ண, அதாவது துத்தநாகம் பூசின ஆணியைத் தொடாதீங்க, அந்த துத்தநாகப் புகையை சுவாசிச்சா ராத்திரி குளிரும் காய்ச்சலுமா படுக்க வச்சுடும். கிரைண்டர் போடும்போது கண்ணாடி கட்டாயம், எப்பாக்ஸிக்கு கிளவுஸ், அது தோல்ல பட்டு பட்டு ஒரு நாள் அலர்ஜியா மாறும், அப்புறம் போகாது.

கல் முனையை பிராக்டிஸுக்கு வைக்கலாமான்னும் கேப்பாங்க. வேண்டாங்க. ஒரு தடவை தப்பினா போச்சு, அதைவிட செய்யும்போது வர்ற தூசி மோசம், அது சிலிக்கா. இங்கிலாந்துல பிராண்டன்னு ஒரு ஊர், துப்பாக்கிக்கு ஃபிளின்ட் கல் தட்டறதே அங்க ஒரு காலத்துல தொழில், அதுல இருந்தவங்க நெறைய பேர் நுரையீரல் போய் செத்திருக்காங்க. போதாக்குறைக்கு, பழைய குடியிருப்பு இருந்த நிலத்துல நம்ம தட்டின கல் சில்லு கெடந்தா நாளைக்கு தொல்லியலுக்காகத் தோண்டறவங்களுக்கும் குழப்பம்.

கடைசியா டார்கெட் பக்கம். எல்லாரும் வீசி முடிச்சப்புறம்தான் போகணும், நடந்து போகணும், ஓடக்கூடாது, ஏன்னா குத்தி நிக்கற டார்ட்டோட வால் சரியா கண்ணு மட்டத்துல நீட்டிக்கிட்டு இருக்கும். பக்கவாட்டுல நின்னு, ஒரு கை டார்கெட்ல, இன்னொரு கை முனைக்குப் பக்கத்துல பிடிச்சு நேரா இழுங்க, பின்னாடி யாரும் இல்லன்னு பாத்துக்கிட்டு. உருவின ஒடனே முனை இருக்கான்னு பாருங்க. உள்ளயே கழண்டு நின்னுட்டா அடுத்த டார்ட் அதுல பட்டு எங்க தெறிக்கும்னு சொல்ல முடியாது, வைக்கோல் கட்டுன்னா ஒரு காந்தம் வச்சு தேடி எடுத்துட்டுதான் அடுத்த ரவுண்டு. இப்படி கழள்றது பெரும்பாலும் ஹாட் க்ளூ போட்ட முனைதான், அதுவும் வெயில்ல மூடின கார்ல கெடந்த டார்ட்னா பசை இளகியிருக்கும், அதனால வீசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு முனையையும் கையால திருகிப் பாத்துடுங்க.