தீவனப் பயறு இனங்களில் தேர்வு: வயல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது

தீவனப் பயறுவகைப் பயிர்களில் புதிய இரகம் உருவாக்கும்போது, முதற்கட்டத் தேர்வுக்காகச் செடிகளைப் போதிய இடைவெளி விட்டுத் தனித்தனியாக நடுவது வழக்கம். உயரம், கிளைகளின் எண்ணிக்கை, இலைக்கும் தண்டுக்குமான விகிதம், நோய்த் தாக்குதல் ஆகியவற்றைச் செடிவாரியாகப் பதிவு செய்ய இம்முறை பெரிதும் உதவுகிறது. ஆனால் உழவரின் வயலில், தீவனப் பயறுவகையான குதிரைமசால் (லூசர்ன்) அவ்வாறு வளர்வதில்லை. அங்கே அது நெருக்கமாக நின்று, ஒளிக்கும் நீருக்கும் பக்கத்துச் செடியோடு போட்டியிடுகிறது. இடம் தாராளமாக இருந்தபோது அகன்று படர்ந்து முதலிடம் பிடித்த செடி, நெருக்கத்தில் பின்தங்கிவிடலாம். எனவே தனிச்செடி மகசூலை மட்டும் நம்பித் தாய்ச்செடியைத் தேர்வதை நான் ஏற்பதில்லை.

மேய்ச்சல் நிலத்துக்கான இரகமென்றால் தேர்வு வயலுக்கும் உழவரின் நிலத்துக்குமான இந்த வேறுபாடு இன்னும் பெரிது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜோ பௌட்டன் குழுவினர், குதிரைமசாலை மாடுகளின் தொடர்ச்சியான கடும் மேய்ச்சலுக்கு உட்படுத்தி, பிழைத்து நின்ற செடிகளைக் கொண்டே ‘ஆல்ஃபாகிரேஸ்’ என்ற இரகத்தை உருவாக்கினர். மாட்டின் வாய்க்கு எட்டாதபடி தரையை ஒட்டித் தாழ்வாக இலைகளைத் தக்கவைத்தலும், வேரில் மாவுச்சத்தைச் சேமித்தலும் அத்தகைய செடிகளின் வலிமை. நிமிர்ந்த வளர்ச்சியையும் விரைவில் கிடைக்கும் பசுந்தீவனத்தையும் மட்டும் பார்க்கும் அறுவடை வயலில் இப்பண்புகளுக்கு மதிப்பெண் கிடைத்திராது.

அதிகம் கவனிக்கப்படாத மற்றொன்று, மண்ணிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்). ஆராய்ச்சிப் பண்ணை மண்ணில் அது மிகுந்திருந்தால் வேர்முடிச்சுகள் உருவாவது குறைந்துவிடும். காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தும் திறன் மிக்க செடியும், அத்திறன் குன்றிய செடியும் ஒரே பசுமையில் நிற்கும். பயறுவகையின் தனிச்சிறப்பையே அளக்காமல் விடும் தேர்வு இது. தழைச்சத்து குறைந்த நிலத்தில், வேர்முடிச்சுகளை உருவாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவில் ஏற்றதை விதையில் நேர்த்தி செய்து சோதித்தால்தான் வேறுபாடு வெளிப்படும்.

நம் பகுதிக்கு நான் வலியுறுத்துவது கோடையைத்தான். குதிரைமசால் பல ஆண்டுப் பயிர். முதல் அறுவடைக்குப் பின் ஏறத்தாழ மாதம் ஒருமுறை அறுக்கப்படுவது. குளிர்காலத்தில் எடுத்த சில அறுப்புகளின் எடையை வைத்து முடிவெடுத்தால், வெயிலில் மெல்ல மெலிந்து வயலில் சொட்டை விழச் செய்யும் வகைகளும் தேர்வில் நுழைந்துவிடும். ஒரு கோடை முழுவதையும் கடந்த பிறகு எஞ்சிய செடிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை மகசூலோடு சேர்த்துப் பார்த்த பின்னரே கலப்புக்குரிய செடிகளை முடிவு செய்ய வேண்டும். விதை வாங்கும் உழவரும், அந்த இரகம் இறவையில் தேர்வானதா மானாவாரியில் தேர்வானதா, எத்தனை ஆண்டுகள் சோதிக்கப்பட்டது என்று தயங்காமல் கேட்கலாம்.