தேர்தலில் ஜெயித்தும் நாற்காலி கிடைக்காத ஊர்

2002 நவம்பரில் ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி தன் நாவலுக்கு விளம்பரமாக ஓர் இணைய விளையாட்டைத் தொடங்கினார். பெயர் நேஷன்ஸ்டேட்ஸ். ஆளுக்கொரு கற்பனை நாடு. அவ்வப்போது வரும் பிரச்சினைகளுக்கு முடிவு சொல்ல வேண்டும். அதுவரை அது பொழுதுபோக்குதான். நாடுகள் கூடியிருக்கும் 'ரீஜன்' என்ற வட்டாரத்தில்தான் அரசியல் சூடுபிடிக்கிறது.

பெரிய ரீஜன்களில் அரசியல் சாசனம், சட்டமன்றம், நீதிமன்றம் எல்லாம் உண்டு. அத்தனையும் ஆட்டக்காரர்களே எழுதிக்கொண்டவை. விளையாட்டின் நிரலுக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்டோர்ஸ்மென்ட் கணக்கு மட்டுமே. விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் உலகப் பேரவை என்ற அமைப்பில் சேர்ந்த ஒரு நாடு, அதே ரீஜனில் உள்ள மற்ற பேரவை நாடுகளில் எத்தனைக்கு வேண்டுமானாலும் இந்த ஆதரவைத் தரலாம். ஆனால் ஒருவர் எத்தனை நாடு வைத்திருந்தாலும் பேரவையில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். கள்ள ஓட்டுக்குப் போட்ட பூட்டு அது. (பேரவைக்கு முதலில் ஐக்கிய நாடுகள் என்றே பெயர். நிஜ ஐ.நா. ஆட்சேபித்ததால் 2008ல் மாற்றினார்கள்!) நாளுக்கு இருமுறை கணக்கைப் புதுப்பிக்கும் அப்டேட் நடக்கும், அந்த நேரத்தில் யாரிடம் ஆதரவு அதிகமோ அவரே டெலிகேட், அதாவது ரீஜனின் தலைவர்.

சரி, தேர்தலில் புதியவர் ஜெயித்துவிட்டார். அப்புறம்? பழைய டெலிகேட், "எனக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஊரைக் கெஞ்ச வேண்டும். போதுமான பேர் வந்து பட்டனை அழுத்தினால் பதவி கைமாறும். எட்டிப்பார்க்காமல் கிடக்கும் நாடுகள் மறைய 28 நாளாகும். அதுவரை அவற்றின் ஆதரவும் பழையவர் கணக்கிலேயே இருக்கும். அவருக்கு இறங்க மனமில்லை என்றால் சாசனம் வெறும் காகிதம். புதிய நாடுகள் பிறக்கும் ரீஜன்களில் ஒன்றான தி பசிபிக்கில் 2003ல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில்தான் நியூ பசிபிக் ஆர்டர் என்ற ஆட்சி உருவானது.

பிறகு வந்த 'இன்ஃப்ளூயன்ஸ்' கணக்கு இதற்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டது. ஒருவரை ரீஜனிலிருந்து வெளியேற்ற டெலிகேட் தன் செல்வாக்கைச் செலவழிக்க வேண்டும். நெடுநாள் ஆதரவோடு வேரூன்றியவர்களை விரட்ட நிறையவே செலவாகும். அதனால் நம்பிக்கையான சிலரை அதிக ஆதரவோடு காவலுக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு உச்சவரம்பு போடுவார்கள் விவரமான ரீஜன்கள். பதிலுக்குக் கிடைக்கும் என்று ஊரெல்லாம் ஆதரவை வாரி வழங்கும் உற்சாகமான புதுமுகத்துக்கு ஒருநாள் பணிவான கடிதம் வரும்: தங்களுக்கு ஆதரவு கூடிவிட்டது, தயவுசெய்து குறைத்துக்கொள்ளவும்.