பேட்டரி மாட்டினாலே என்ஜின் ஓடுகிறது என்று வையுங்கள்

வேலூர்ப் பக்கம் கை அறுவைச் சிகிச்சை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன காயங்கள் சில உண்டு. தோல் தொழிற்சாலை உருளையில் சிக்கிய கை, கரும்புச்சாறு மெஷினில் நசுங்கிய விரல், மரம் அறுக்கும் வாளில் பட்ட கட்டைவிரல். சில வருடங்களாக இந்த வரிசையில் ரிமோட் விமானத்தின் புரொப்பல்லரும் சேர்ந்திருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் பொறியியல் மாணவர்கள். தெர்மோகோலிலும் கோரோபிளாஸ்ட் அட்டையிலும் தாங்களே விமானம் செய்து, பாலாற்று மணலிலோ ஊருக்கு வெளியே ஏதாவது பொட்டலிலோ பறக்க விடுகிற கெட்டிக்காரப் பிள்ளைகள்.

"பொம்மை ஏரோப்ளேன்தானே சார், அதுல எப்படி இவ்ளோ காயம்?" என்று கூட வரும் அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

மாணவர்கள் அதிகம் வாங்குவது 1000 கேவி என்று குறிக்கப்பட்ட மோட்டார். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1,000 சுற்று என்பது அதன் பொருள். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 11.1 வோல்ட்டில் சுமையில்லாமல் சுற்றினால் நிமிடத்துக்கு 11,100 சுற்று. 10 அங்குலப் புரொப்பல்லரைப் பூட்டியதும் வேகம் குறையும். 7,500 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நொடிக்கு 125 சுற்று. இரண்டு பிளேடு என்பதால் ஒரே இடத்தை நொடிக்கு 250 தடவை பிளேடு கடக்கிறது. பிளேடின் நுனி மணிக்கு ஏறக்குறைய 360 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பட்டது உறைத்து, கையை இழுக்க ஒரு மனிதனுக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது பிடிக்கும். அதற்குள் 50 முறை பிளேடு வந்து போயிருக்கும்.

அதனால்தான் இந்தக் காயம் கத்தி வெட்டு மாதிரி ஒற்றைக் கோடாக இருப்பதில்லை. விரலின் முதுகுப் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையாக வெட்டுகள் இருக்கும். தோலுக்கு அடியில் விரலை நிமிர்த்தும் தசைநாண் மெல்லிய பட்டையாக எலும்பின் மேலேயே ஓடுகிறது. அங்கே சதைப்பற்று கிடையாது. தோல் கிழிந்தால் அடுத்தது தசைநாண், அதற்கடுத்தது எலும்போ மூட்டோதான்.

மின்மோட்டார் வந்த பிறகு ஆபத்து குறைந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். என் கருத்து நேர்மாறானது. மெத்தனால் ஊற்றி ஓட்டும் பழைய கிளோ என்ஜின் சத்தம் போடும், புகை விடும். நின்றுவிட்டால் தானாகக் கிளம்பாது. விரலில் மோதினால் பல நேரம் அணைந்தும் போகும். மின்மோட்டார் சத்தமே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும், அடுத்த கணம் முழு வேகத்தில் இருக்கும். விரல் குறுக்கே வந்தால் நிற்காது. ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும் குச்சியான த்ராட்டில் மேலே இருக்கும்வரை பேட்டரியிலிருந்து இன்னும் அதிக கரண்ட் இழுத்துச் சுற்றத்தான் பார்க்கும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்றது. விமானத்தின் புரொப்பல்லருக்கு யாரும் வேலி போடுவதில்லை. போட்டால் எடை கூடும், காற்று தடைபடும். ஆக இங்கே வேலி என்பது உங்கள் கைக்கும் அதற்கும் நடுவே உள்ள தூரம் மட்டும்தான். அந்த வேலியை எப்போது போட வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். த்ராட்டிலைத் தூக்கும்போது என்று நினைக்கிறார்கள். பேட்டரி வயரை மாட்டும் அந்த நொடியிலேயே போட்டாக வேண்டும். நான் பார்த்த காயங்களில் அநேகமாக எதுவுமே விமானம் பறக்கும்போது நடந்ததல்ல. தரையில், மேசையில், மடியில், "இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல" என்று நினைத்திருந்த நேரத்தில் நடந்தவை.

ஒரு பையன் சொன்னான்: "ரிமோட்ட ஆஃப் பண்ணிட்டுதான் சார் கிட்டயே போனேன்." பொய்யில்லை, அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். விமானத்தில் பேட்டரி மாட்டியபடியே இருந்தது. ரிமோட் சிக்னல் அற்றுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரில் பதிந்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஃபெயில்சேஃப் என்று பெயர். அதைப் பதிகிற நேரத்தில் த்ராட்டில் குச்சி பாதியில் இருந்திருக்கிறது. ரிமோட் அணைந்ததும் ரிசீவர் தனக்குச் சொல்லப்பட்டதை ஒழுங்காகச் செய்தது, அதாவது மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட விட்டது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. முதலில் புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். வெறும் மோட்டாரைப் பாதி த்ராட்டிலில் ஓட விட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நின்றுவிட்டால் ஃபெயில்சேஃப் சரி. நிற்காவிட்டால் த்ராட்டிலை அடிமட்டத்தில் வைத்து மறுபடி பதியுங்கள், மறுபடி சோதியுங்கள். ரிசீவரை ரிமோட்டோடு புதிதாக பைண்ட் செய்யும், அதாவது இணைக்கும், ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை தேவை. வரிசையையும் மாற்றவே கூடாது: முதலில் ரிமோட்டை ஆன் செய்து, த்ராட்டிலைக் கீழே இறக்கி, அப்புறம்தான் விமானத்தில் பேட்டரி. முடிக்கும்போது முதலில் பேட்டரியைக் கழற்றி, கடைசியில்தான் ரிமோட்டை அணைக்க வேண்டும்.

விடுதி அறை மேசை இன்னொரு மோசமான இடம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சிக்கு த்ராட்டிலின் மேல், கீழ் எல்லைகளைப் பழக்க (கேலிபிரேட் செய்ய), த்ராட்டிலை முழுதும் மேலே வைத்துத்தான் பேட்டரியை மாட்டச் சொல்கிறார்கள். ஒரு பீப் சத்தத்தைத் தவறவிட்டாலோ, இஎஸ்சி வேறு மாதிரி அமைந்திருந்தாலோ மோட்டார் முழு வேகத்தில் கிளம்பும். பிடித்துக்கொள்ள யாரும் இல்லாத விமானம் மேசையிலிருந்து நேராக உங்கள் மேல் வரும். மோட்டார் சுற்றும் திசையைப் பார்ப்பது, ரிமோட்டில் புதிய மாடலை, அதாவது ஒரு விமானத்துக்கான அமைப்பை, பதிவது, விமானத்தின் மடிப்புகளை அசைக்கும் சர்வோவைச் சரிசெய்வது எதுவானாலும், வீட்டுக்குள் செய்யும் வேலை என்றால் புரொப்பல்லர் விமானத்தில் இருக்கக் கூடாது. ஒரு நட்டைக் கழற்றும் வேலைதான். இதில் எந்த விதிவிலக்கையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பல மாடல்களைச் சேமித்து வைக்கும் ரிமோட் என்றால், இப்போது எந்த மாடல் தேர்வாகியிருக்கிறது என்று திரையைப் பார்த்துவிட்டுப் பேட்டரியைத் தொடுங்கள். வேறொரு விமானத்துக்காக த்ராட்டிலைத் தலைகீழாக அமைத்திருந்தால், நீங்கள் பூஜ்யம் என்று நினைப்பது மோட்டாருக்கு முழு வேகம். த்ராட்டிலைத் துண்டிக்க ஒரு சுவிட்சை ஒதுக்கி வைக்கும் வசதி பெரும்பாலான ரிமோட்டுகளில் உண்டு. அதை அமைத்து, விமானத்தின் கிட்டே யாராவது இருக்கும்வரை துண்டித்த நிலையிலேயே வையுங்கள்.

மைதானத்தில் ரிமோட்டை நிமிர்த்தித் தரையில் வைக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. காற்றடித்தால் அது குப்புற விழும், குச்சி தரையில் அழுந்தும். அந்த நேரத்தில் விமானத்தை மடியில் வைத்து இறக்கைக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருப்பவரின் கதி என்ன? ரிமோட்டைப் படுக்க வையுங்கள், இல்லை ஒருவர் கையில் கொடுங்கள். மணலில் குப்புற விழுந்த விமானத்தை எடுக்க ஓடும்போதும் இதே ஆபத்துதான். துண்டிப்பு சுவிட்சைப் போட்டு, பின்பக்கமாகப் போய், முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றிவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

புரொப்பல்லர் பின்னால் இருக்கும் விமானத்தைக் கையால் எறிந்து பறக்க விடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. எறிந்த கை புரொப்பல்லரின் பாதையில்தான் இருக்கும். விமானம் கையை விட்டுப் போன பிறகுதான் த்ராட்டில் ஏற வேண்டும். எறிபவரும் ரிமோட் பிடிப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது.

நீங்களே விமானத்தை வடிவமைப்பவர் என்றால் உங்களிடம் இன்னொரு வேண்டுகோள். பல வடிவங்களில் பேட்டரி அறை மூக்கிலேயே, புரொப்பல்லருக்கு ஒரு சாண் பின்னால் இருக்கிறது. வயரை மாட்டும் கை அங்கேதான் போயாக வேண்டும். அதற்குப் பதில் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டு, இணைப்பை மட்டும் இறக்கைக்குப் பின்னால் வெளியே கொண்டுவந்து ஒரு பிளக்காக வைக்கலாம். எல்லோரும் விலகி நின்ற பிறகு, பின்னாலிருந்து கடைசியாக அந்தப் பிளக்கைச் செருகினால் போதும். என்னைக் கேட்டால், கல்லூரிப் போட்டிகளில் இப்படி ஒரு பிளக் இல்லாத விமானத்தைக் களத்துக்கே விடக் கூடாது.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, துப்பட்டா, ரிமோட்டின் தோள்பட்டை வார் மூன்றையும் கழற்றி வையுங்கள். குனியும்போது புரொப்பல்லருக்கு நேராகத் தொங்குபவை இவைதான். சுற்றும் புரொப்பல்லருக்குப் பக்கவாட்டில் நிற்காதீர்கள். பிளேடு உடைந்தால் துண்டு பறப்பது அந்தத் திசையில்தான். பாலாற்றங்கரையில் விமானம் என்றால் ஊர்ப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அவர்களை அதட்டி விரட்டாமல், விமானத்துக்குப் பின்னால் தள்ளி ஓரிடம் காட்டி நிற்கச் சொன்னால் கேட்பார்கள். விளிம்பு சிதைந்த, கீறல் விட்ட பிளேடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். அது குப்பைக்குப் போக வேண்டியது. நுனிகளில் வெள்ளையோ மஞ்சளோ பூசினால் சுற்றும்போது வட்டம் கண்ணுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு பட்டுவிட்டால்?

சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். பெரும்பாலான ரத்தப்போக்கு இதிலேயே அடங்கும். ரப்பர் பேண்டோ கயிறோ போட்டு விரலை இறுக்கிக் கட்டாதீர்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அதைக் கழுவி எடுப்பதே எங்களுக்குத் தனி வேலையாகிவிடுகிறது, கிருமித்தொற்றும் கூடுகிறது. மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். சோடாவோ டீயோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரல் துண்டாகியிருந்தால் அதை நேராக ஐஸில் போடக் கூடாது, திசு உறைந்து செத்துவிடும். உப்புநீரில், அது இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். விரலில் தசை இல்லாததால் இப்படிக் குளிர வைத்தால் பல மணி நேரம் தாங்கும். குடியாத்தத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வருவதற்கு நேரம் இருக்கிறது. வேலூர் வெயிலில் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தால் அந்த நேரம் சுருங்கிவிடும்.

உடைந்த புரொப்பல்லரையும் கூடவே எடுத்து வாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. நைலான் துண்டும் கார்பன் ஃபைபர் துண்டும் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. பிளேடில் எந்த அளவு துண்டு குறைகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் காயத்துக்குள் எதைத் தேட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

காயம் சிறிதாக இருக்கிறதே என்று தோலுக்கு மட்டும் தையல் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். ஒவ்வொரு விரலையும், ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நிமிர்த்த முடிகிறதா, நுனியின் இரண்டு பக்கமும் தொடுவது தெரிகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்க வாய்ப்புண்டு. அதை முதல் சில நாட்களுக்குள் சேர்ப்பது சுலபம். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால் தசைநாண் சுருங்கி உள்ளே போயிருக்கும்.

1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையால் மறுபடி வேலை செய்ய வைத்தவர். அறுவையோடு பயிற்சியும் சேர்ந்தால்தான் கை திரும்பும் என்பது அந்தக் காலத்திலிருந்தே இந்த ஊரில் ஊறிய நடைமுறை. நிமிர்த்தும் தசைநாணைச் சேர்த்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் விரலை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் தேவைப்படலாம். மடக்கும் தசைநாண் என்றால் கனமான பொருளைத் தூக்க மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். வலி போய்விட்டது, செமஸ்டர் தேர்வு வருகிறது என்று ஸ்பிளின்டைக் கழற்றி எறிந்துவிட்டு எழுத உட்கார்ந்த மாணவர்களுக்குத் தையல் உள்ளேயே அறுந்து, இரண்டாவது முறை அறுவை செய்ய வேண்டி வருகிறது. சொல்லச் சொல்ல எழுதித் தர ஒருவரை அனுமதிப்பார்களா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். அதற்கான மருத்துவச் சான்றிதழை உங்களுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவர் தருவார்.