தால்வெக்: ஜொகூர் நீரிணையின் ஆழ்தடக் கோடு

தால்வெக் என்பது ஜெர்மானியச் சொல். 'தால்' பள்ளத்தாக்கையும் 'வெக்' வழியையும் குறிக்கும். புவியியலில் ஆற்றுப் படுகையின் மிக ஆழமான புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கும், எல்லைச் சட்டத்தில் கப்பல் செல்லும் முதன்மைத் தடத்தின் நடுவுக்கும் இப்பெயர் வழங்குகிறது. 1801இல் லூனேவில் உடன்படிக்கை ரைன் ஆற்றின் தால்வெக்கை எல்லையாக வகுத்தது. கரைகளுக்குச் சம தொலைவில் எல்லை வகுத்தால் ஆழமான தடம் முழுவதும் ஒரு நாட்டின் பக்கமே ஒதுங்கிவிடக்கூடும் என்பதால் இம்முறை வேரூன்றியது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணையில் செல்லும் சிங்கப்பூரின் வடக்கு எல்லையைப் புரிந்துகொள்ள இச்சொல் அவசியம். 1824 ஆகஸ்ட் 2ஆம் தேதி சிங்கப்பூரின் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட், ஜொகூர் சுல்தான் ஹுசைன், தெமெங்கோங் என்னும் மலாய் உயர்பதவி வகித்த அப்துல் ரஹ்மான் ஆகியோர் செய்துகொண்ட உடன்படிக்கை, சிங்கப்பூர்த் தீவுடன் அதன் கரையிலிருந்து 10 புவியியல் மைலுக்குள் அமைந்த கடலையும் நீரிணையையும் சிறுதீவுகளையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தது. இன்று உட்லண்ட்ஸ் கடற்பாலம் கடக்கும் நீர்ப்பரப்பின் அகலமோ ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். ஆகவே ஜொகூர்க் கரையைத் தொடும் நீரும் பிரிட்டிஷ் உரிமைக்குள் சென்றது. தன் வாசலில் அலையடிக்கும் கடல் ஜொகூருக்குச் சொந்தமில்லை என்பது நியாயமான ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

1927 அக்டோபர் 19ஆம் தேதி சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டிஷ் ஆளுநர் ஹியூ கிளிஃபர்டும் ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்நீரின் ஒரு பகுதியையும் சில சிறுதீவுகளையும் ஜொகூருக்குத் திருப்பியளித்தது. சிங்கப்பூர்த் தீவு, அதையடுத்த உபின், தெக்கோங் தீவுகள் ஆகியவற்றின் வடகரைகளுக்கும் ஜொகூர் நிலப்பரப்புக்கும் இடையிலுள்ள ஆழ்நீர்த் தடத்தின் நடுவே எல்லை சென்றது. நீரிணை குறுகலாக இருப்பதால் உபினின் வடகரையில் நிற்பவர் கண்ணுக்கு ஜொகூர் மிக அருகில் தெரிகிறது. தடம் மாறி, இணைப்பு வரைபடம் முரண்பட்டால், வரைந்த கோட்டை விட எழுத்து விவரிப்பே செல்லும் என்றும் ஒப்பந்தம் கூறியது.

தமிழில் தால்வெக்கை 'நடுக்கோடு' என்றால் கரைகளுக்குச் சம தொலைவிலான கோடு என்று பொருள் பிறழும். 'பள்ளத்தாக்குவழி' என்றால் கடல் மறைந்துவிடும். ஆழத்தையும் கப்பல் செல்லும் வழியையும் ஒருசேர உணர்த்தும் 'ஆழ்தடக் கோடு' என்பதே பொருத்தமானது. 1995 ஆகஸ்ட் 7ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் செய்துகொண்ட உடன்பாடு இவ்வெல்லையைப் புவியியல் ஆயத்தொலைவுகளால் துல்லியமாக நிலைப்படுத்தியது. எனவே இன்றைய கோட்டை 'எல்லைக்கோடு' என்றே எழுதலாம். 1927இன் கோட்டை விளக்குமிடத்தில் 'ஆழ்தடக் கோடு' என்பதைக் கையாளலாம்.