மூன்று பிரதிகளும் ஒரே ரேக்கில் இருந்தால்

பெருமளவு தரவைப் பல கணினிகளில் பிரித்து வைக்கும் ஹடூப் மென்பொருளின் கிளஸ்டர்களை, அதாவது கணினித் தொகுப்புகளை, பராமரிக்கும் பணியில், "தரவுக்கு மூன்று பிரதிகள்தான் இருக்கின்றனவே, பிறகென்ன கவலை?" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு இதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

ஹடூப்பின் கோப்பு முறைமையான ஹெச்டிஎஃப்எஸ், இயல்பான அமைப்பில், ஒரு கோப்பை 128 எம்பி அளவுள்ள பிளாக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தரவைச் சேமிக்கும் கணினிகளான டேட்டாநோடுகள் மூன்றில் எழுதுகிறது. எழுதும் நிரல் ஓடுகிற டேட்டாநோடில் முதல் பிரதியும், வேறொரு ரேக்கில் (ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சின் கீழுள்ள கணினி அடுக்கில்) இரண்டாவதும், அதே இரண்டாம் ரேக்கின் மற்றொரு நோடில் மூன்றாவதும் அமையும். ஆகவே ஒரு ரேக்கின் ஸ்விட்ச் முழுவதுமாகச் செயலிழந்தாலும் தரவைப் படிக்க முடியும். ஆனால் எந்த நோடு எந்த ரேக்கில் நிற்கிறது என்பது, எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும் நேம்நோடுக்குத் தானாகத் தெரியாது. நிர்வாகி அதற்கென ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தர வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லா நோடுகளும் ஒரே ரேக்கில் இருப்பதாகவே நேம்நோடு கொள்ளும். மூன்று பிரதிகளும் ஒரே ஸ்விட்ச்சின் கீழ் போய் அமர்ந்தாலும் கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையின் அறிக்கை 'ஹெல்தி' என்றே சொல்லும். அந்த அறிக்கையிலேயே ரேக்குகளின் எண்ணிக்கை 1 என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

டேட்டாநோடு 3 விநாடிக்கு ஒருமுறை நேம்நோடுக்கு ஹார்ட்பீட் எனும் 'இயங்குகிறேன்' என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. அது நின்ற உடனேயே நோடு இறந்ததாக அறிவிக்கப்படுவதில்லை. இயல்பு அமைப்பில் 10 நிமிடம் 30 விநாடி கழிந்த பிறகே, குறைந்துபோன பிரதிகளை மற்ற நோடுகளில் உருவாக்கும் வேலை தொடங்கும், அதிலும் ஒரே ஒரு பிரதி எஞ்சியுள்ள பிளாக்குகளுக்கே முன்னுரிமை. இந்தத் தாமதத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் ஒரு சாதாரண ரீபூட்டுக்காகப் பல டெராபைட் தரவு நெட்வொர்க்கில் ஓடத் தொடங்கினால், நடந்துகொண்டிருக்கும் வேலைகள் அனைத்தும் மந்தமாகிவிடும். கவனிக்க வேண்டியது காலி இடத்தைத்தான். மீதமுள்ள நோடுகளின் வட்டுகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் இழந்த பிரதிகளை வைக்க இடமிருக்காது. மூன்றே டேட்டாநோடுகள் கொண்ட சிறிய கிளஸ்டரிலோ, ஒன்று போனால் மூன்றாம் பிரதி தங்குவதற்கு நோடே கிடையாது.

இவை அனைத்தும் சரியாக அமைந்திருந்தாலும், தவறுதலாக ஒருவர் ஒரு கோப்பகத்தை அழித்தால் மூன்று பிரதிகளும் சேர்ந்தே போகும். அப்பாச்சி வெளியிடும் ஹடூப்பின் இயல்பு அமைப்பில், அழித்தவற்றைச் சிறிது காலம் வைத்திருக்கும் டிராஷ் வசதி அணைக்கப்பட்டே இருக்கிறது என்பதால், அதை இயக்குவதை முதல் நாள் வேலையாகக் கொள்ளலாம். முக்கியமான கோப்பகங்களுக்கு, அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். ஆயினும் அதுவும் அதே கிளஸ்டரின் பிளாக்குகளையே நம்பியிருக்கிறது. எனவே இழக்கவே முடியாத தரவை ஹடூப்பின் நகலெடுக்கும் கருவியான டிஸ்ட்சிபி கொண்டு வேறொரு கட்டடத்திலுள்ள கிளஸ்டருக்குக் குறித்த இடைவெளியில் நகலெடுத்து, அங்கிருந்து அதை ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.