கருங்கல்லின் பலவீனமும் சிற்பியின் உளியும்

அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டிப் பட்டறைகளில் கோயில்களுக்கான கருங்கற் சிலைகள் இன்றும் உருவாகின்றன. அத்தனை இறுகிய கல்லைச் சிறு உளி எப்படிச் செதுக்குகிறது என்பதற்கான விடை, கல்லின் பலவீனத்தில் இருக்கிறது. கருங்கல் பெரும் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழ 10-இல் ஒரு பங்குதான், பல கற்களில் இன்னும் குறைவு. பாறையில் வரிசையாகக் குழியிட்டு இரும்பு ஆப்புகளை அடித்து இறக்கும்போது, குழிக்குக் குழி விரிசல் ஓடிப் பாறை பிளப்பது இதனால்தான்.

உளி செய்வதும் சிறிய அளவில் அதே வேலைதான். முனைக்கு நேர்கீழே கல் பொடியாகிறது. அங்கிருந்து விரிசல்கள் கிளம்புகின்றன. உளியைச் சாய்த்துப் பிடித்தால் விரிசல் பக்கவாட்டில் ஓடி மேலே வந்து சில்லு பெயரும். நிமிர்த்தி ஓங்கி அடித்தால் விரிசல் உள்ளே இறங்கிவிடும். ஆகவே மூக்கையும் விரல் நுனியையும் நெருங்க நெருங்க அடி இலேசாகிறது. உளி பட்ட இடம் வெளிறித் தெரிவதற்கும் ஒளியைச் சிதறடிக்கும் இந்த நுண்விரிசல்களே காரணம். மெருகேற்றி விரிசல் விழுந்த மேற்படலத்தை நீக்கினாலோ, எண்ணெய்க்காப்பு விரிசல்களை நிரப்பினாலோ, அதே கல் கருமை கொள்கிறது.

கல்லைத் தட்டி, மணியென ஒலித்தால் ஆண் கல், மென்மையாக ஒலித்தால் பெண் கல், ஓசை எழாவிட்டால் நபும்சகக் கல் என்று பிரிப்பது சிற்ப மரபு. இதில் முழு இயற்பியலும் அடங்கியிருப்பதாகச் சொல்ல முடியாது. ஆயினும் உள்விரிசல் அதிர்வை விழுங்கி ஓசையை மழுக்கும் என்பதால், ஓசையற்ற கல்லைத் திருவுருவுக்குத் தேர்ந்தெடுக்காதது மிகச் சரியான முடிவு.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ஆடவல்லானின் (நடராசரின்) கை தடையின்றி நீள்கிறது. உலோகம் இழுவிசையைத் தாங்கும். கருங்கல்லில் அப்படி நீளும் கை, ஓர் இடி பட்டாலே தோளருகில் முறியக்கூடும். கைக்கும் இடைக்கும் நடுவே கல்லை விட்டுவைப்பதையும், பின்புற வளைவான திருவாசியோடு கைகளை இணைப்பதையும் வெறும் அலங்காரமாகக் கருதுவது சிற்பியின் அறிவுக்கு நாம் செய்யும் குறை.

பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் கனகசபையின் விதானத்தில் கற்சங்கிலி தொங்குகிறது. இழுவிசைக்கு அஞ்சும் கல்லில் சங்கிலியா என்று வியக்கலாம். ஆனால் விரிசலற்ற, சீரான கருங்கல் தண்டு 100 மீட்டர் நீளத்துக்குத் தொங்கினாலும் தன் எடையால் அறாது என்பது கணக்கு. வளையங்களைக் குடையும் நேரத்தில் விழும் அடியும், கல்லுக்குள் ஏற்கெனவே மறைந்திருக்கும் விரிசலுமே அங்கு உண்மையான ஆபத்து. அதனால் அச்சங்கிலியின் பாதி வேலை, கல்லைத் தட்டித் தேர்ந்தபோதே முடிந்துவிட்டது.